அமுங்கிப்போன கார்ப்பெட்டின் இழைகளை மீண்டும் நிமிர்த்துவது எப்படி?

சோபாவின் கால் பதிந்து உண்டான குழியும், ஆள் நடந்து நடந்து படிந்துபோன தடமும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் வேறு. குழியில் இழைகள் மடங்கி மட்டுமே இருப்பதால் அவை பெரும்பாலும் எழுந்துவிடும். நடைத்தடத்தில் இழைகளின் முறுக்கே அவிழ்ந்து நுனி சிதைந்திருக்கக்கூடும்; அதை வாரிவிட்டால் பாதி அளவுக்குத் தேறும், புதியதாக ஆகாது. ஒரு கொத்தை விரலால் பிரித்து, நுனியில் முறுக்கு எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்து, இழை எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து இடுக்கியால் பிடித்து, கம்பளத்திலிருந்து தள்ளி நின்று கொளுத்திப் பார்த்தால், கம்பளி இழை, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து பொடியாகும். நைலான், பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன் ஆகியவை உருகிக் கெட்டியான மணியாகும். விஸ்கோஸ் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். சோப்பு கலந்த நீரில் இழையை அமிழ்த்தி விடும்போது அது மேலே மிதந்து வந்தால் பாலிப்ரொப்பிலீன். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கிவிடும். பட்டுப்போல் மின்னும் விஸ்கோஸ் கம்பளத்தில் தண்ணீர் படவே கூடாது, ஏனெனில் ஈரம் பட்டால் அதன் இழை வலுவிழந்து மேலும் படிவதோடு மஞ்சள் கறையும் ஏறும். சேலத்து வீடுகளில் பரவலாக விரிக்கப்படும் பவானி ஜமக்காளத்துக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. அது தட்டையாக நெய்யப்பட்டது, நிமிர்த்துவதற்கு அதில் இழையே கிடையாது.

முதல் வேலை மண்ணை எடுப்பது. அடியில் தங்கிய நுண்மணல் ஒவ்வொரு மிதிக்கும் இழையை அறுத்துக்கொண்டே இருப்பதால், வேக்குவம் கிளீனரை நிதானமாக நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்ட வேண்டும். பிறகு கார்ப்பெட் ரேக் எனப்படும், பிளாஸ்டிக் பற்கள் கொண்ட நீண்ட கைப்பிடி வாரியால் முதலில் இழை சாய்ந்திருப்பதற்கு எதிர்த்திசையிலும் பின்னர் அதன் போக்கிலும் மெதுவாக வார வேண்டும். கம்பிப் பிரஷ் இழையைப் பிய்த்துவிடும். நுனி வெட்டப்படாமல் வளையமாக நிற்கும் இழைகளில் வாரியையோ வேக்குவம் கிளீனரின் சுழல் பிரஷையோ பயன்படுத்தக் கூடாது. ஒரு வளையம் மாட்டிக்கொண்டால் வரிசையே உருவிக்கொண்டு வரும்.

வாரியும் எழாத இடத்துக்குத்தான் நீராவி. கம்பளி இழை ஈரமும் சூடும் பட்டால் இளகி, ஆறும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே நிற்கும் தன்மையுடையது. நைலானும் ஓரளவு அப்படியே. ஆகவே நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கம்பளத்தில் படாமல் சற்று உயரத்தில் பிடித்து ஆவியைச் செலுத்தி, சூடு ஆறுவதற்குள் விரலாலோ அகலப் பல் சீப்பாலோ இழைகளைத் தூக்கிவிட வேண்டும். ஆவி பிடித்துவிட்டு அப்படியே விட்டால் இழை படிந்த நிலையிலேயே இறுகிவிடும் என்பதால், சீப்பு கையில் தயாராக இல்லாமல் பெட்டியைச் சூடாக்குவதில் பயனில்லை. பெட்டிக்குள் உப்புத் தண்ணீருக்குப் பதிலாக ஆர்.ஓ. நீரை ஊற்றினால் துளைகள் அடையாமலும் வெள்ளைக் கறை தெறிக்காமலும் இருக்கும். சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகும் பாலிப்ரொப்பிலீன்மீது சூடான பெட்டியை வைப்பது அதை அழிப்பதற்குச் சமம். அதற்கு ஹேர் டிரையரின் இளஞ்சூடான காற்றும் வாரியும் போதும்.

ஆழமான குழியில் ஐஸ் கட்டி வைக்கும் முறையும் கம்பளிக்கு ஏற்றதே. அதில் குளிர்ச்சிக்கு எந்த மகிமையும் இல்லை என்பது என் கருத்து. மெல்ல உருகுவதால் நீர் அளவோடு இழைக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். உருகியதும் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, இழையைத் தூக்கிவிட வேண்டும்.

உலர்த்துவதில்தான் ஊர் குறுக்கிடுகிறது. சேலத்தின் சித்திரை வெயில் காலத்தில் மின்விசிறி ஒன்றே போதும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ, மழைக்காலத்தில் சன்னலைத் திறந்தால் காற்றோடு மூடுபனியும் உள்ளே வந்துவிடும்; சன்னலை அடைத்து ரூம் ஹீட்டரையும் விசிறியையும் ஓட்டினாலும், அறைக்குள் சேரும் ஈரம் வெளியேற வழி வேண்டும். சணல் அடிப்பாகம் நெடுநேரம் ஈரமாக இருந்தால் பழுப்புக் கறை மேலேறுவதோடு பூஞ்சை நாற்றமும் பிடிக்கும் என்பதால், மலைவீட்டில் இந்த வேலையை மாசி, பங்குனிக்கு ஒத்திவைப்பதே உத்தமம்.

அதுவரை சோபாவைச் சில அங்குலம் நகர்த்திப் போட்டு, கால்களுக்கு அடியில் அகலமான பிளாஸ்டிக் கிண்ணங்களை வைக்கலாம். தனிக் கம்பளமாக இருந்தால் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் நடைத்தடமும் இடம் மாறும்.