ஆலிவர் ரீட்: அவரைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் நடிகர் ஆலிவர் ரீட் பேச்சை எடுத்தாலே பலரும் முதலில் சொல்வது, கடைசி நாளில் அவர் எவ்வளவு குடித்தார் என்ற கணக்கைத்தான். பெரிய தவறு இதுதான். 1999 மே 2 அன்று, 'கிளாடியேட்டர்' படப்பிடிப்புக்காக மால்டாவில் இருந்தபோது, வாலெட்டா நகரில் ஒரு பாரில் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 61. இவ்வளவு சொன்னால் போதும். எத்தனை கோப்பை, எத்தனை மாலுமிகளோடு பந்தயம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் ஏறும் எண்கள். அவற்றை நம்பி எழுதினால் நடிகர் காணாமல் போய்விடுகிறார்.

அடுத்தது, பெரியப்பா தயவில் வந்தவர் என்ற பேச்சு. 1968-இல் 'ஆலிவர்!' படத்தை இயக்கியவர் அவருடைய பெரியப்பா கரோல் ரீட் என்பது உண்மை. ஆனால் நடிப்புப் பள்ளி வாசலையே மிதிக்காமல், துணை நடிகராகக் கூட்டத்தில் நின்று தொடங்கி, 1961-இலேயே ஹாமர் நிறுவனத்தின் திகில் படத்தில் ஓநாய் மனிதனாக முக்கிய வேடம் பிடித்தவர் ரீட். 'ஆலிவர்!' படத்தில் அவர் செய்த பில் சைக்ஸ் என்ற கொடூரத் திருடனைப் பாருங்கள். ஆளாளுக்குப் பாடி ஆடும் படத்தில் இவருக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. கத்தவும் மாட்டார். குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்வார், எதிரே இருப்பவர் ஒடுங்கிப்போவார். பெரியப்பா வேடம் கொடுக்கலாம், அந்தக் குரலைக் கொடுக்க முடியாது.

நடிகர்கள் ரிச்சர்ட் பர்ட்டன், ரிச்சர்ட் ஹாரிஸ், ரீட் மூவரின் குடிக்கதைகளையும் ஒன்றாகக் கலக்கிவிடுவதும் உண்டு. பர்ட்டன் வேல்ஸ்காரர், ஹாரிஸ் அயர்லாந்துக்காரர். ரீட் லண்டன் விம்பிள்டனில் 1938-இல் பிறந்தவர். கடைசிக் காலத்தில் அயர்லாந்தின் கார்க் பகுதியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானதால், அவரையும் ஐரிஷ்காரர் என்று எழுதிவிடுகிறார்கள்.

குடித்ததால்தான் நன்றாக நடித்தார் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1960-களில் ஒரு பார் சண்டையில் உடைந்த கண்ணாடி அவர் முகத்தைக் கிழித்தது, தழும்பு கடைசிவரை போகவில்லை. 1980-களில் நல்ல வேடங்கள் அருகிப்போயின. 1991-இல் ஒரு நேரலைத் தொலைக்காட்சி விவாதத்தில் போதையில் நிதானமிழந்து, உடனிருந்த பெண் எழுத்தாளரிடம் அத்துமீறினார். அந்தக் காட்சியை வேடிக்கையாகப் பகிர்கிறார்கள். அதில் சிரிக்க எதுவும் இல்லை.

'கிளாடியேட்டரில்' அவராக வருவது முழுக்கக் கணினி உருவம் என்பதும் பொய். பெரும்பகுதியை அவரே நடித்து முடித்திருந்தார். மிச்சமிருந்த சில காட்சிகளுக்கு மட்டுமே மாற்று நடிகரும் கணினியும் தேவைப்பட்டன. அவர் செய்த, அடிமை வீரர்களை வைத்துச் சண்டை நடத்தும் ப்ராக்சிமோ பாத்திரத்தின் முடிவையும் மாற்றி எழுதினார்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் தோளைத் தொட்டு விடுதலை தந்த கதையைச் சொல்வார் பாருங்கள். "அவரை உனக்குத் தெரியுமா?" என்று படத்தின் நாயகன் மாக்சிமஸ் பரபரக்க, "தெரியும் என்றா சொன்னேன், ஒருமுறை தோளைத் தொட்டார் என்றேன்" என்று வெடிப்பார். பெருமையும் எரிச்சலும் ஒரே மூச்சில் வரும். அது அச்சு அசல் ரீட்.

சரி, எதிலிருந்து பார்ப்பது? 'கிளாடியேட்டரோடு' நின்றுவிடாதீர்கள். 1969-இல் வந்த 'விமன் இன் லவ்', அப்புறம் 1971-இல் வந்த 'தி டெவில்ஸ்'. இரண்டுமே கென் ரஸல் இயக்கியவை. இரண்டாவது படம் தணிக்கையில் நிறைய வெட்டுப்பட்டது, எந்தப் பிரதி கையில் கிடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.