சிலிக்கான் வேஃபரில் ஒளியை வைத்தே ஃபோனான் ஆற்றலை அளப்பது எப்படி?

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், அறை வெப்பநிலையில் 1.12 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் அது மறைமுக இடைவெளி: தாண்டும்போது எலக்ட்ரானின் உந்தமும் மாற வேண்டும். ஃபோட்டானிடம் ஆற்றல் உண்டு, உந்தம் இல்லை என்றே சொல்லலாம், அதனால் எலக்ட்ரான் மேலே போக வேண்டுமானால் படிகத்தின் அதிர்விலிருந்து ஒரு ஃபோனானை, அதாவது அதிர்வாற்றலின் ஒரு துணுக்கை, வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றை உமிழ வேண்டும். இரண்டுமே நிறமாலையில் தடம் விடும்.

இரண்டு பக்கமும் பாலிஷ் செய்த, மாசு குறைவாகக் கலந்த, அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வேஃபர் (மெல்லிய படிக வில்லை) எடுத்து 1000 முதல் 1250 நானோமீட்டர் வரை ஊடுருவலை அளங்கள். ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் என்றால் பின்பக்கம் ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுக்கும்.

அடுத்து எதிரொளிப்பு. பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு முகமும் சுமார் 30 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவதால், உட்கவர்தலே இல்லாத இடத்திலும் ஊடுருவல் 53 சதவீதத்தைத் தாண்டாது; இதைக் கழிக்காமல் மடக்கை எடுத்தால் சென்டிமீட்டருக்கு 12, 13 என்று இல்லாத உட்கவர்தல் வந்து நிற்கும், நிறமாலையில் உட்கவர்தல் தொடங்கும் விளிம்பு அருகே உண்மையான மதிப்பே அதைவிடக் குறைவு.

சரி, உட்கவர்தல் கெழு (ஒளி உள்ளே போகப் போக எவ்வளவு வேகமாக உறிஞ்சப்படுகிறது என்பதன் அளவு) கிடைத்ததும் அதன் வர்க்கமூலத்தை ஃபோட்டான் ஆற்றலுக்கு எதிராக வரையுங்கள். கீழ்ப்பகுதியில் ஒரு நேர்கோடு தெரியும், அது ஃபோனானை வாங்கும் வழி. அதைப் பொருத்தி, மேலே நீட்டி, வர்க்கமாக்கி மொத்தக் கெழுவிலிருந்து கழித்த பிறகு, மிச்சத்துக்கு மறுபடி வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் உமிழும் வழி. கழிக்காமல் நேராக இரண்டாவது கோடு போடுவது சோம்பேறித்தனம், விடையும் நகர்ந்துவிடும். இரண்டு கோடுகளும் அச்சைத் தொடும் இடங்களின் நடுப்புள்ளி ஆற்றல் இடைவெளி, வித்தியாசத்தில் பாதி ஃபோனான் ஆற்றல். 50 முதல் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வந்தால் நல்லது. பல ஃபோனான்கள் கலந்திருந்தாலும் முக்கியமானது சுமார் 58.

நம்பிக்கை வர வேண்டுமானால் திரவ நைட்ரஜனில், 77 கெல்வினில், மறுபடி அளங்கள். அறை வெப்பநிலையில் இந்த ஃபோனானை உமிழும் வாய்ப்பு வாங்கும் வாய்ப்பைப்போல் 9 மடங்கு. குளிரில் வாங்க ஃபோனானே இருக்காது, கீழ்க்கோடு ஏறக்குறைய மறைந்துவிடும். அப்புறம் இடைவெளியும் 1.17 பக்கம் நகரும். படிகம் சுருங்குவதால் மட்டும் என்று நினைக்காதீர்கள், பெரும்பங்கு எலக்ட்ரான்-ஃபோனான் இடைவினையுடையது. வெப்பநிலையோடு இடைவெளி மாறுவதற்கு 1967-இல் வார்ஷ்னி தந்த சூத்திரம் இங்கே நன்றாகப் பொருந்தும்.

உட்கவர்தல் விளிம்புக்கு மிக அருகே உள்ள சில புள்ளிகளைப் பொருத்தலில் சேர்க்காதீர்கள், எக்சிட்டான் (எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பிணைந்த ஜோடி) அங்கே வடிவத்தை மாற்றும். காலியம் ஆர்சனைடில் இந்த முறை செல்லாது, அது நேரடி இடைவெளி, தாண்ட ஃபோனான் துணை தேவையில்லை. அங்கே ஃபோனானைத் தேட வேண்டிய இடம், வெப்பநிலை ஏறும்போது ஒளிர்வுக் கோடு அகலமாவதில்.