அம்மா எங்கே இருப்பது? முதலில் மூன்று இரவுகளை எழுதிப் பாருங்கள்

என் அம்மாவுக்கு 79 வயது. மன்னார்குடியில், ஹரித்ராநதிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று நாங்கள் மூன்று பிள்ளைகளும் பேசியது ஒன்றைத்தான்: அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது? சென்னைக்கு அழைத்துப் போகிறேன் என்றான் தம்பி. கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றனவே என்றாள் தங்கை. நான் திருச்சியில் இருக்கிறேன். என் வீடு மாடியில்.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், இடத்தைப் பற்றிப் பேசவே விடுவதில்லை. ராத்திரி யார் எழுந்து வருவார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். பகலில் சமைத்துப் போடவும் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் எப்படியாவது ஆள் கிடைத்துவிடும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்ததிலிருந்து விடியும்வரை இருக்கிற நேரம்தான் பெரிது.

அதனால் முடிவெடுக்கும் முன் மூன்று இரவுகள் அவர்கள் பக்கத்திலேயே படுத்து, நடப்பதை ஒரு நோட்டில் குறியுங்கள். என் நோட்டில் முதல் இரவு இப்படி இருந்தது: 11.20, சிறுநீர். 1.45, சிறுநீர். 3.10, தண்ணீர், பிறகு கழிப்பறை. 4.50, எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான்கு தடவையில் என்னை எழுப்பியது ஒரே ஒரு தடவை. மற்ற மூன்றும் வாக்கர் நகரும் சத்தத்தில் நானே விழித்தது. "உன்னை எழுப்ப மனசு வரலைடி" என்றார். கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஆள் இருந்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மா கூப்பிடவே மாட்டார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நோட்டோடு ஒரு முறை டாக்டரைப் பாருங்கள். எங்கள் டாக்டர் அதைப் படித்துவிட்டு மாத்திரைகளை எடுக்கச் சொன்னார். கால் வீக்கத்துக்கான நீர் பிரியும் மாத்திரையை அம்மா ராத்திரியில் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அதைக் காலைக்கு மாற்றினார். நான்கு தடவை இரண்டாகக் குறைந்தது. முதியோர் மருத்துவம் படித்தவர்களிடம் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். கிண்டியில் 2024 முதல் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே ஒரு அரசு மருத்துவமனை நடக்கிறது.

இரவுக்கு ஓரிரு முறை எழுந்து, எங்கே இருக்கிறோம் என்ற தெளிவும் இருந்தால், சொந்த வீடு சாத்தியம்தான். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும். கட்டிலை ஒட்டி ஒரு கமோடு நாற்காலி, சுவரில் கைப்பிடி, விடியும்வரை எரியும் சின்ன விளக்கு. எழுந்ததும் நடக்காமல் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரப் பழக்குங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைக் கொடுத்து வையுங்கள்.

ஆள் வைப்பதில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏஜென்சி மூலம் 24 மணி நேரத்துக்கு ஒரே பெண்ணை வைத்தோம். பகல் முழுக்க வேலை செய்தவள் ராத்திரி அசந்து தூங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனுஷியிடம் இரண்டு பேர் வேலையைக் கேட்டது நாங்கள்தான். இரவில் விழித்திருக்க வேண்டுமென்றால் இரவுக்கென்று தனி ஆள் வேண்டும்.

நான்கைந்து தடவை எழுந்து, "இது யார் வீடு?" என்று கேட்கத் தொடங்கியிருந்தால், ஷிப்டு முறையில் ஆள் விழித்திருக்கும் இல்லம்தான் பாதுகாப்பு. அங்கே விடுவதைப் பாவம் என்று நினைக்காதீர்கள். ஆனால் இல்லத்தைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்த ஒன்றில் காலையில் தோட்டத்தையும் பூஜை அறையையும் சுற்றிக் காட்டினார்கள். இரவு எட்டரைக்குத் திரும்பப் போனேன். ஒரு பாட்டி மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆள் வர 11 நிமிடம் ஆனது. இன்னொன்றில் வராண்டா மேசையில் ஒரு நோட்டு இருந்தது. யாரை எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தார்கள் என்று எழுதியிருந்தது. அந்த நோட்டைக் கேட்டுப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களின் குதிகாலில் புண் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, கூடப் போவது யார் என்று கேளுங்கள். நடக்கிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, படுத்தால் அழைத்துப்போகச் சொல்லும் இடங்கள் உண்டு. அதையும் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளை வீடு என்றால் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். எங்கே இருக்க உனக்கு இஷ்டம் என்று பொதுவாகக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்றுதான் பதில் வரும். யார் குளிப்பாட்டினால் உனக்குப் பரவாயில்லை என்று கேட்டேன். "மருமக கையால வேண்டாம். அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்" என்றார். சென்னைப் பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டை யார் பெயருக்காவது எழுதுவதென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பார்க்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வேறு சிக்கல்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

அம்மா இப்போது மன்னார்குடி வீட்டிலேயே இருக்கிறார். அடுத்த தெரு அம்மா ஒருவர் இரவு 8 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறார். பகலுக்குச் சமையல்கார அம்மா. மாதம் ஒரு முறை நான் போய் ஒரு இரவு பக்கத்தில் படுத்து அந்த நோட்டை எழுதுகிறேன். போன மாதம் மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் கூப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.