‘யெஸ்’ஸோடு முடிந்துபோகாத கேள்வி கேட்பது எப்படி?

மச்சான் ஒருவன் திருகோணமலையில், வெள்ளைக்காரர் டிரிங்கோ என்கிற ஊரில், உப்புவெளிப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறான். வெள்ளைக்காரர்களை நிலாவெளிக்கு ஏற்றிப்போகும்போது ஆசையாக, “டூ யூ லைக் டிரிங்கோ?” என்பான். “யெஸ்.” அதற்குப் பிறகு கடற்கரை வரும்வரை எஞ்சின் சத்தம்தான். இவன் கேட்டது மூடிய கேள்வி, ஆமா இல்லையா என்பதோடு கதை முடிந்துவிடும்.

முதலில் அந்த மூடிய கேள்வியையே கட்டிப் பழகுவோம். தமிழில் கடைசியில் ஒரு ‘ஆ’ சேர்த்தால் வேலை முடிந்தது: பார்த்தீர்கள், பார்த்தீர்களா? ஆங்கிலத்தில் டூ, டிட், இஸ், கேன் மாதிரி ஒரு துணைவினை முன்னால் வரவேண்டும். திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற மான்களையே எடுங்கள். “யூ சா த டியர்” என்பது “டிட் யூ சீ த டியர்?” ஆகும். ‘சா’ இங்கே ‘சீ’ ஆகிவிட்டது, ஏனென்றால் இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

சரி, இனித் திறப்போம். மானைத் தூக்கிவிட்டு முன்னால் ‘வாட்’ போடுங்கள், மற்றதில் கை வைக்கவேண்டாம்: “வாட் டிட் யூ சீ?” இதற்கு யெஸ் சொல்ல முடியாது, கண்டதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். “வாட் யூ சா?” என்று கேட்டாலும் விளங்கும், ஆனால் பிழை.

கேள்விச்சொல் இருந்தாலே திறந்த கேள்வி என்றும் நினைக்காதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி “ஹவ் மெனி வெல்ஸ் ஆர் தேர் அட் கன்னியா?” என்றால் “செவன்” என்று ஒரே சொல்லில் முடிந்தது. வேர், வென் எல்லாம் அநேகமாக இப்படித்தான். வாட், (மெனி சேராத) ஹவ், வை மூன்றும்தான் ஆளைப் பேச வைக்கும். அதிலும் ‘வை’யில் கொஞ்சம் கவனம்: “வை டிட் யூ கம் ஹியர்?” என்றால் பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். “வாட் பிராட் யூ ஹியர்?” என்று கேளுங்கள், அதே கேள்விதான், பதமாக இருக்கும். (இதில் ‘வாட்’தான் எழுவாய், அதனால் ‘டிட்’ தேவையில்லை.)

மச்சான் இப்போது “ஹவ் வாஸ் கோணேஸ்வரம்?” என்றுதான் தொடங்குகிறான். இறக்கிவிடும்போது மட்டும் பழையபடி மூடிய கேள்வி: “டூ யூ வாண்ட் மீ டு வெயிட்?” அதற்கும் ஒருவர் கதை சொல்லத் தொடங்கினால் அடுத்த ஹயருக்கு எப்போது போவது?