வேண்டாத மெயிலை நிறுத்தப் போய் வம்பை விலைக்கு வாங்காதீர்கள்

துணிக்கடையில் பில் போடும்போது கேட்டார்கள் என்று மெயில் முகவரியைக் கொடுத்திருப்போம். பஸ் டிக்கெட் எடுத்தது, வேலைக்குப் பதிந்து வைத்தது, இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு என்று சும்மா பார்த்தது எல்லாம் சேர்ந்து தினமும் இன்பாக்ஸை நிரப்புகின்றன. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், கண்ணில் படும் அன்சப்ஸ்கிரைப் (இனி அனுப்ப வேண்டாம் என்று விலகும் லிங்க்) எல்லாவற்றையும் அமுக்கத் தொடங்குகிறோம். பலர் மாட்டிக்கொள்வது அந்த அவசரத்தில்தான்.

அமுக்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: இவர்களிடம் எப்போதாவது என் முகவரியைக் கொடுத்தேனா? கொடுத்திருந்தால் அன்சப்ஸ்கிரைப் செய்யலாம். இல்லையென்றால் ஸ்பேம் என்று புகார் செய்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், உள்ளே எதையும் தொட வேண்டாம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய மெயிலில் உள்ள லிங்கை அமுக்கினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மெயிலைத் திறந்தும் பார்க்கிறார் என்று நாமே சொல்லிக் கொடுத்தது போலாகும். அதன்பிறகு மெயில்கள் கூடத்தான் செய்யும்.

நம் எரிச்சலை மோசடிக்காரர்களும் அறிந்து வைத்திருக்கிறார்கள். வங்கியின் பெயர், அதே லோகோ, அதே நிறம், அடியில் பொடி எழுத்தில் அன்சப்ஸ்கிரைப். அமுக்கினால் கூகுள் பக்கம் போலவே ஒன்று திறந்து, "உறுதிசெய்ய உள்நுழையவும்" என்று பாஸ்வேர்டு கேட்கும். ஒரு விளம்பரத்தை நிறுத்த பாஸ்வேர்டோ ஓடிபியோ ஆதார் எண்ணோ தேவையே இல்லை. கேட்டால் மூடிவிடுங்கள். அது உண்மையான நிறுவனம்தான் என்று தோன்றினாலும், அவர்களுடைய ஆப்பை நீங்களே திறந்து நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் நிறுத்திக்கொள்ளலாம். போனில் லிங்கை அமுக்கிப் பிடித்தால் அது எங்கே போகிறது என்ற முகவரி தெரியும். அனுப்பியவர் பெயரை நம்பாமல், @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் மெயிலின் அடியில் தேடவே வேண்டியதில்லை. விளம்பர மெயில்களில் மேலே, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஜிமெயில் தரும் அன்சப்ஸ்கிரைப் இருக்கும். நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்பும் நிறுவனங்கள் விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலக வழி தர வேண்டும், 2 நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2024இல் கூகுள் விதி கொண்டுவந்தது. யாருடைய மெயில் அதிகம் வருகிறது என்று வரிசையாகக் காட்டி, அங்கேயே விலக்கிவிடும் பக்கமும் 2025இல் வந்துவிட்டது. பக்கவாட்டு மெனுவில் பாருங்கள். பிளாக் செய்தால் மெயில் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஜிமெயிலில் அது தொடர்ந்து வந்து ஸ்பேமில் சேரும், அவ்வளவுதான். 1909 என்ற எண்ணில் டிஎன்டி, அதாவது விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று, பதிந்திருந்தாலும் அது அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான், மெயிலுக்குப் பொருந்தாது.

தேடல் கட்டத்தில் "அன்சப்ஸ்கிரைப்" என்று ஆங்கிலத்தில் அடித்து, வந்த எல்லாவற்றையும் மொத்தமாக அழிக்கும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட், பாலிசி ரசீது, டிக்கெட் ஆகியவற்றின் அடியிலும் அந்தச் சொல் இருக்கக்கூடும். ஏற்கெனவே அழித்திருந்தால், டிராஷில் 30 நாள் வரை இருக்கும், மீட்டுவிடுங்கள். அதேபோல, வங்கியின் கடன் விளம்பரத்தை ஸ்பேம் என்று குறித்தால், நாளை அதே வங்கியின் முக்கியமான அறிவிப்பும் ஸ்பேமுக்குப் போகக்கூடும். அங்கே அன்சப்ஸ்கிரைப்தான் சரி.

எல்லாவற்றையும் ஒரே தட்டலில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச ஆப்களிடம் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அவை கேட்பது உங்கள் மெயில் முழுவதையும் படிக்கும் அனுமதி. அன்ரோல்.மீ என்ற அமெரிக்கச் சேவை இப்படித்தான் பயனர்களின் மின்ரசீதுகளிலிருந்து தகவல் எடுத்து விற்றது. அதை மறைத்து மக்களை ஏமாற்றியதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2019இல் நடவடிக்கை எடுத்தது. நீங்களும் எப்போதாவது அப்படி அனுமதி கொடுத்திருந்தால், ஆப்பை அழிப்பது போதாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், வெளி ஆப்களுக்குத் தந்த அனுமதிகளின் பட்டியலைத் திறந்து நீக்குங்கள்.

திடீரென்று ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில், நீங்கள் பார்த்தே இராத தளங்களிலிருந்து "சந்தாவை உறுதிசெய்க" என்று மெயில்கள் கொட்டினால், அது விளம்பரத் தொல்லை என்று எண்ணி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் கார்டிலோ ஷாப்பிங் கணக்கிலோ கை வைத்தவர்கள், அந்த ஒரு எச்சரிக்கை மெயில் உங்கள் கண்ணில் படாமல் இருக்க இப்படிக் குப்பையைக் கொட்டுவதுண்டு. உடனே வங்கியின் பெயரையும், நீங்கள் பொருள் வாங்கும் தளங்களின் பெயரையும் தேடல் கட்டத்தில் அடித்துப் பாருங்கள். வங்கி ஆப்பைத் திறந்து கடைசிப் பரிவர்த்தனைகளைச் சரிபாருங்கள். பணம் போயிருந்தால் கார்டை முடக்கிவிட்டு, வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதிக்காமல் அழையுங்கள். இன்பாக்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.