பேச முடிகிறதா, பாட முடிகிறதா?

நடைப்பயிற்சியின் வேகம் சரிதானா என்று அறியத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். நடந்துகொண்டே வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் தடங்கலின்றி வந்து, பாட்டு மட்டும் பாட முடியாமல் போனால் அதுதான் மிதமான வேகம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த வேகத்தில்தான். சுலபமாகப் பாட வந்தால் காலை எட்டிப் போடலாம். "பால் வாங்க வேண்டும்" என்பதையே மூன்று துண்டாகச் சொன்னால் குறைத்துக்கொள்ளுங்கள்.

உழைப்பு கூடக்கூட உடல் அதிக மூச்சைக் கேட்கிறது; பேச்சும் அதே மூச்சில்தான் ஓடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனை இன்னும் உதவும். அந்த மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதால், நாடித்துடிப்பின் உச்ச அளவைக் கணிக்கும் '220 கழித்தல் வயது' என்ற கணக்கு அவர்களுக்குப் பொய்த்துப்போகும். (மற்றவர்களுக்கும் அது தோராயம்தான்.)

எடை தூக்கும் பயிற்சிக்குப் பேச்சுச் சோதனை பொருந்தாது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு முன்பே மூச்சு வாங்கும் என்பதால், அளவை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லட்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் பேசிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே நின்று உதவிக்கு ஆளை அழையுங்கள்.