நீராவித் தடுப்புத் தாளை எந்தப் பக்கம் ஒட்டுவது?

வெப்பக் காப்புக்காகச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு (கிளாஸ் வூல்) வைத்த பிறகுதான் ஓதம் கூடியது என்று சிலர் புலம்புவார்கள். பஞ்சு வெப்பத்தைத்தான் மறிக்கும். நீராவி அதற்குள் தாராளமாகப் புகுந்துவிடும். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 9 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் பட்டாலே நீர்த்துளியாகிவிடும். பஞ்சு நனைந்தால் காப்பும் போகும், பூஞ்சையும் வரும். நீராவி பஞ்சுக்குள் புகாமல் மறிக்கத்தான் இந்தத் தடுப்புத் தாள்.

1. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அலுமினியத் தாள் துண்டு ஒன்றை ஓதமுள்ள இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. குழாய்க் கசிவையோ மழைநீர் இறங்கும் விரிசலையோ சரிசெய்யாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். முன்புறம் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

2. பக்கத்தைத் தீர்மானியுங்கள். ஆண்டின் பெரும்பகுதி எந்தப் பக்கம் வெப்பமாக இருக்கிறதோ, பஞ்சுக்கு அந்தப் பக்கம்தான் தாள். குளிர்ப் பிரதேசத்தில் அறைப் பக்கம். புழுக்கமான ஊரில், ஏ.சி. ஓடும் வீட்டுக்கு வெளிப்பக்கம். வெயிலும் குளிரும் இரண்டுமே கடுமையாக இருக்கும் ஊரில் பாலிதீன் தாளைத் தவிர்த்து, ஓரளவு நீராவியை விடும் காகித உறைப் பஞ்சே போதும்.

3. 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிதீன் தாளை, பஞ்சு வைத்த சுவர்ச் சட்டங்களின் மேல் விரித்து ஸ்டேப்பிள் அடியுங்கள். இணைப்பில் 15 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.

4. பலரும் அவசரப்படுவது இங்கேதான். தாளின் வழியே மெல்ல ஊடுருவும் நீராவி சொற்பம். ஓட்டையில் காற்றோடு போவது அதைவிடப் பல மடங்கு. ஆகவே சுவிட்ச் பெட்டி, ஒயர், குழாய் எதைச் சுற்றியும் இடைவெளி கூடாது. பெட்டி வரும் இடத்தில் தாளைச் சற்றுச் சிறிதாகவே வெட்டுங்கள். இழுத்து மாட்டினால் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். பிறகு விளிம்பில் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) ஓட்டுங்கள். தரை, கூரை ஓரங்களுக்கும் சீலன்ட்தான். ஸ்டேப்பிளை மட்டும் நம்ப வேண்டாம்.

5. பாதுகாப்புக்காக மறுபக்கமும் ஒரு தாள் வேண்டாம். நடுவில் சிக்கிய ஈரம் உலர வழியே இருக்காது. வினைல் சுவர்த்தாளும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். வெளிப்பக்கம் தாள் இருக்கும் சுவரின் உட்புறத்தில் அதை ஒட்டாதீர்கள்.